நிற்பதும் நிலைப்பதும்

தள்ளாத வயதில் தந்தையைத் தாங்க வேண்டிய மகனை, தந்தையே தூக்கிக் குளிப்பாட்டும் வீடு ஒன்று ஒசூரில் இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்பில் வாழும் என் நண்பர் ஒருவரின் வீடு அது. மகனுக்கு வயது 26. தொழிற்கூடம் ஒன்றின் கல்நார்க் கூரைத் தகட்டை மாற்றுவதற்காக மேலே ஏறியவன், தகடு உடைந்து கீழே விழுந்தான். இடுப்பில் கயிறு கட்டியிருக்கவில்லை. முதுகெலும்பு முறிந்தது. உயிர் தப்பிற்று, ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப் போயின. இது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

அண்மையில் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். படுக்கையில் இருந்தபடியே தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். வெளிநாட்டில், இவனைப் போலவே கால்கள் செயலிழந்த ஒருவர், முதுகுத் தண்டில் பொருத்திய மின்கருவியின் துணையால் எழுந்து நிற்கிறார். ஊன்றுகோல் பற்றி அடியெடுத்து வைக்கிறார். அந்தப் படத்தை அவன் எத்தனை முறை பார்த்திருப்பான் என்பதை அவன் கண்களே சொல்லின.

வாசல் வரை வழியனுப்ப வந்த நண்பர், குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். கிருஷ்ணகிரிப் பக்கம் அவருக்கு ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு உண்டு. ஆயுள் முழுவதும் உழைத்துச் சேர்த்த சொத்து அது ஒன்றுதான். அந்தச் சிகிச்சையை வெளிநாட்டில் செய்து தருவதாக ஒரு தரகர் வந்து போயிருக்கிறார். அவர் சொன்ன தொகைக்குத் தோப்பு முழுவதும் போனாலும் போதாது.

“தோப்பை விற்றுவிடட்டுமா பாய்? விற்காமல் இருந்துவிட்டால், பெற்ற மகனை நானே கைவிட்டவன் ஆகிவிட மாட்டேனா?”

அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். முதலாவது பணத்தைப் பற்றியது. இரண்டாவது அறத்தைப் பற்றியது. அன்று என்னால் இரண்டுக்குமே விடை சொல்ல இயலவில்லை. இன்று சொல்ல முயல்கிறேன். நம் குடும்பங்களில் எந்த வீட்டிலும் எந்த நாளிலும் எழக்கூடிய கேள்வி இது என்பதால், அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லோர் முன்னிலையிலும் சொல்வது தகும் என்று எண்ணுகிறேன்.

முதலில், அந்தப் படம் பொய்யா என்று பார்ப்போம். பொய்யன்று.

முதுகுத் தண்டு சுண்டுவிரல் பருமனே உள்ள ஒரு நரம்புத் திரள். மூளையின் கட்டளைகள் கீழே செல்வதும், உடலின் உணர்வுகள் மேலே செல்வதும் அதன் வழியேதான். அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைத்து உடலெங்கும் பரவுகின்றன. முறிந்த எலும்பு கூடும். கிழிந்த தோல் ஒட்டும். தண்டின் நரம்பிழைகள் அறுந்தால் அவ்வாறு கூடுவதில்லை. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எழுதப்பட்ட ஒரு மருத்துவச் சுவடி, கழுத்தெலும்பு நழுவிக் கைகால் விழுந்தவரைப் பற்றிக் குறிப்பிட்டு, வைத்தியம் செய்யத் தகாத நோய்களின் வரிசையில் அதனைச் சேர்த்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மாறவில்லை.

ஆனால் விஞ்ஞானிகள் ஒன்றைக் கவனித்தார்கள். தண்டு வெறும் கம்பியன்று. அதற்கும் ஒருவகை அறிவு உண்டு. மூளையின் கட்டளையே வராதபடி தண்டு துண்டிக்கப்பட்ட பூனையின் கால்களும் நடைபோடுவது போல மாறி மாறி அசையக்கூடும் என்பதை இங்கிலாந்தில் கிரஹாம் பிரவுன் 1911-ஆம் ஆண்டிலேயே காட்டினார். நடையின் தாளம் தண்டின் கீழ்ப்பகுதியிலேயே குடியிருக்கிறது. அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள அந்தப் பகுதி பெரும்பாலும் சாவதில்லை. கட்டளை வராமல் உறங்கிக் கிடக்கிறது. முழுவதும் அறுந்துவிட்டது என்று மருத்துவர்கள் முடிவு கட்டியவர்களில் பலருக்குக்கூட, ஓரிரு இழைகள் அறுபடாமல் எஞ்சியிருப்பது உண்டு. அவற்றின் வழியே வரும் செய்தி, கீழே உள்ளதை எழுப்ப வலுவற்ற முணுமுணுப்பாக நின்றுவிடுகிறது.

மின்தூண்டல் செய்வது இவ்வளவே: தண்டின் மேலுறைக்கு வெளியே மெல்லிய மின்முனைகளைப் பதித்து, சிறு மின்துடிப்புகளை இடைவிடாது அனுப்புகிறார்கள். மின்சாரம் காலை இழுத்து நடத்துவதில்லை. தண்டுக்குள் நுழையும் உணர்வு நரம்புகளைத் தொட்டு, உறங்குவதை அரைத்தூக்கத்துக்குக் கொண்டுவருகிறது. அப்பொழுது மேலிருந்து வரும் அந்த முணுமுணுப்பு காதில் விழுகிறது, கால் அசைகிறது.

வலியைத் தணிப்பதற்காக 1967 முதலே இந்த முறை வழக்கில் இருந்து வருகிறது. அசைவை மீட்பதற்கும் அது உதவும் என்ற செய்தி, அமெரிக்காவின் லூயிவில் நகரில் சூசன் ஹார்கெமா குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின்னரே உலகெங்கும் பரவியது. மார்புக்குக் கீழே செயலிழந்த ஓர் இளைஞர், கருவி இயங்கும் வேளையில் சில நிமிடங்கள் தன் எடையைத் தானே தாங்கி நின்றார். 2018-இல் லூயிவில், மேயோ மருத்துவமனை, சுவிட்சர்லாந்தின் லோசான் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் அடியெடுத்து வைத்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்தன. 2023-இல் லோசானில், ஹாலந்து நாட்டவர் ஒருவரின் மூளையிலிருந்து அவருடைய எண்ணத்தை அறிந்து தண்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டையே செய்துவிட்டார்கள். 2024 டிசம்பரில், அறுவையே இல்லாமல் கழுத்தின் தோல்மீது வைக்கும் ஒரு கருவிக்கு, கைகளின் உணர்வையும் வலிமையையும் கூட்டுவதற்கென அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. அதற்கு ஆதாரமான ஆய்வில் சிகிச்சை பெற்ற 60 பேரில் 100-க்கு 72 விழுக்காட்டினர் முன்னேற்றம் கண்டார்கள்.

ஆகவே இது உண்மை. ஆனால் உண்மையின் முழு உருவம் அந்தப் படத்தில் இல்லை. 2018-இல் லூயிவில் குழுவினர் தம் அறிக்கையில் கூறியது நான்கு பேரைப் பற்றி. அவர்களில் இருவரே தரையில் நடந்தார்கள், அதுவும் கைத்தாங்கலுடன். ஒருவருக்கு அந்த நிலையை அடைய 85 வாரங்களில் 278 பயிற்சிகள் தேவைப்பட்டன. மற்றவருக்கு 15 வாரங்களில் 81. நடக்காத இருவரில் ஒருவருக்கோ மற்றவருக்கோ என்று பிரித்துச் சொல்லாமல் பொதுவாகவே சொல்கிறேன்: நால்வரில் ஒருவருக்குப் பயிற்சியின்போது இடுப்பெலும்பு முறிந்தது. இதனையும் அந்த ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. நேர்மையான ஆராய்ச்சியின் அடையாளமே அதுதான்: தான் தோற்ற இடத்தையும் எழுதி வைக்கும்.

இங்கிருந்துதான் நம் அறக் கேள்வி தொடங்குகிறது.

நம்பிக்கை இல்லாமல் மனிதன் வாழ முடியாது என்பார்கள். மெய்தான். ஆனால் நம்பிக்கை எல்லாமே ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. விதைத்தவன் மழையை எதிர்பார்ப்பதும் நம்பிக்கை. சீட்டாட்டத்தில் வீட்டை வைத்தவன் அடுத்த ஆட்டத்தை எதிர்பார்ப்பதும் நம்பிக்கை. முன்னவன் மழை பொய்த்தாலும் நிலத்தை இழப்பதில்லை. பின்னவன் எதிர்பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே எல்லாவற்றையும் இழக்கிறான். துன்பத்தில் இருப்பவனுக்கு இரண்டாவது வகை நம்பிக்கையை விற்பதற்கு எப்பொழுதும் ஆட்கள் இருக்கிறார்கள். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மூல உயிரணு ஊசி போட்டு நடக்க வைப்பதாக விளம்பரம் செய்தவர்கள் நம் நாட்டிலும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறை, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கு வெளியே அத்தகைய சிகிச்சையை அளிப்பது முறையன்று என்று தெளிவாகவே கூறிவிட்டது.

இந்த இடத்தில் ஓர் எளிய அளவுகோலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆராய்ச்சி என்றால், அது பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நம் நாட்டில் 2009 முதல் அது கட்டாயம். ஆராய்ச்சிக்கு உடலைத் தருபவனிடம் அதற்கு விலை கேட்பது நெறியன்று. நிலைபெற்ற சிகிச்சை என்றால், நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரியில் உள்ள நரம்பியல் மருத்துவரிடம் காகிதத்தைக் காட்டி, இது உண்டா இல்லையா என்று கேட்டுவிடலாம். ஆராய்ச்சி என்றும் சொல்லி, தோப்பின் விலையையும் கேட்பவன் வைத்தியனல்லன்; வியாபாரி.

எனினும், இவ்வளவு சொல்லியும் தந்தையின் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. நாளை அந்தச் சிகிச்சை நேர்மையான கைகளிலேயே, ஆனால் எட்டாத விலையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் வாங்கித் தராத தகப்பன் மகனைக் கைவிட்டவன்தானா?

இதற்கு விடை தேடும்பொழுது, நாம் பேசாமலேயே ஏற்றுக்கொண்ட ஓர் எண்ணத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. நடப்பதே வாழ்வது, கிடப்பது வாழ்வன்று என்ற எண்ணம் அது. நடக்கிறவர்களாகிய நாம் வைத்த தீர்ப்பு இது. நடக்க இயலாதவர்களைக் கேட்டால் வேறு விடை வருகிறது. 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, உடலில் எது திரும்பி வந்தால் உங்கள் வாழ்வு மேம்படும் என்று அவர்களையே கேட்டது. கைகளும் கால்களும் விழுந்தவர்கள் முதலிடம் தந்தது கைக்கு. கால்கள் மட்டும் விழுந்தவர்கள் முதலிடம் தந்தது இல்லற வாழ்வுக்கு. சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் ஆற்றலும் அவர்கள் பட்டியலில் உயர்ந்த இடத்தைப் பெற்றது. இரு சாராருமே நடையை முதலிடத்தில் வைக்கவில்லை. பிறர் முன் நிமிர்ந்து நடப்பதைவிட, பிறர் முன் நாணாமல் இருப்பதையே அவர்கள் பெரிதாக விரும்பினார்கள்.

நம் மார்க்கமும் இந்த விஷயத்தில் மனிதனை நிற்பதைக் கொண்டு அளப்பதில்லை. நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம். அமரவும் இயலாதவர் படுத்தபடியே தொழலாம் என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். படுத்துத் தொழுபவரின் தொழுகை அரைத் தொழுகை என்று எவரும் சொல்வதில்லை. படைத்தவன் முன்னிலையில் குறையாத மதிப்பு, பக்கத்து வீட்டுக்காரன் முன்னிலையில் ஏன் குறைய வேண்டும்?

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் வேலூர் இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராக இருந்தவர் கொச்சியில் பிறந்த மேரி வர்கீஸ். 1954 ஜனவரியில் நடந்த கார் விபத்தில் அவருடைய முதுகுத் தண்டு சிதைந்தது. கால்கள் போயின; முகத்திலும் ஆறாத வடு. அறுவை மருத்துவராக வேண்டும் என்று கனவு கண்டவர், நிற்கவே இயலாதவர் ஆனார். அப்பொழுது அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைச் சீர்செய்து வந்தவர் டாக்டர் பால் பிராண்டு. கையில் செய்யும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அதனைச் செய்தார்.

அந்த அறுவையின் தத்துவத்தை வாசகர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். செத்த நரம்பை அவர்கள் உயிர்ப்பிக்கவில்லை. செயலிழந்த தசையின் வேலையை, இன்னும் உயிருள்ள வேறொரு தசையின் நாணை எடுத்து மாற்றிக் கட்டி, அதனைச் செய்ய வைத்தார்கள். போனதை அழைக்கவில்லை, எஞ்சியதைப் பணியில் அமர்த்தினார்கள். அந்த அம்மையாரின் வாழ்வும் அதே அறுவையாக ஆயிற்று. பின்னர் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவருடைய தலைமையில், 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1986-இல் மறைந்தார். தம் கால்களில் ஒன்றைக்கூட மீட்காமலே, எத்தனையோ பேரை எழுந்து உட்கார வைத்துவிட்டுப் போனார்.

இன்னொருவர் நம் ஒசூருக்கு 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரில் விழுந்தவர். கடற்படை அதிகாரித் தேர்வுக்காக 1975-இல் அங்கு வந்த ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர், உடற்பயிற்சித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் தம் சொந்த ஊரான ஆய்க்குடியில், தமக்கு வைத்தியம் பார்த்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் அவர்களின் பெயரால் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். 2020-இல் அவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

இந்த இடத்தில் என்னை நானே தடுத்துக்கொள்ள வேண்டும். இத்தகைய பெரியோர்களின் கதையைச் சொல்லி, “நீயும் அவர்களைப்போல் இருக்கக் கூடாதா?” என்று ஒரு கூலித் தொழிலாளியின் மகனிடம் கேட்பது அநீதி. மேரி வர்கீசுக்குப் பின்னால் ஒரு மருத்துவக் கல்லூரியே நின்றது. இவனுக்குப் பின்னால் நிற்பது யார்? கயிறில்லாமல் கூரையில் ஏற்றிய ஒப்பந்தக்காரர் மறுநாளே மறைந்துவிட்டார். ஈ.எஸ்.ஐ.யில் பெயர் பதிந்திருந்தால் ஊனத்துக்கான உதவித்தொகை மாதந்தோறும் வந்திருக்கும், பெயர் பதியப்படவில்லை. பொறுமை உயர்ந்த குணம்தான். ஆனால் அதனைத் துன்பப்படுகிறவன் தானே தேடிக்கொள்ளும்பொழுதுதான் அது குணம். துன்பப்படாதவன் எடுத்து உபதேசிக்கும்பொழுது, தன் கடமையிலிருந்து நழுவும் வழியாக அது ஆகிவிடுகிறது.

எஞ்சியிருப்பதைப் பணியில் அமர்த்துவது அவன் ஒருவனுடைய வேலையன்று. அது சுற்றியிருக்கும் எல்லோருடைய வேலை. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தண்டுவட நோயாளிகளை ஏற்றுக்கொண்டபொழுது, அத்தகையோர் விரைவில் இறந்துபோவதே வழக்கமாக இருந்தது. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அவர்களைக் கொன்றன. அவர் செய்த புரட்சி என்ன? இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு முறை அவர்களைப் புரட்டிப் படுக்க வைத்தார். சிறுநீர்ப் பாதையைத் தூய்மையாக வைத்தார். எழுப்பி உட்கார வைத்து வேலை கொடுத்தார். என் நண்பரின் மகன் இன்று உயிரோடிருக்கிறான் என்றால், அதற்குக் காரணம் எந்த மின்கருவியும் அன்று. இரண்டு ஆண்டுகளாக இரவில் எழுந்தெழுந்து அவனைத் திருப்பிப் படுக்க வைக்கும் அவன் தாயின் கைகளே காரணம்.

இப்பொழுது இரு வழிகளும் ஓரிடத்தில் சேருவதைக் காணலாம். மின்தூண்டலை ஆராய்ந்தவர்கள் எவரையும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மூட்டுகள் இறுகியிருக்கக் கூடாது. புண் இருக்கக் கூடாது. எலும்பு நொறுங்கும் நிலையில் இருக்கக் கூடாது. நாளை அந்தச் சிகிச்சை நம் ஊருக்கு வந்தாலும், அதன் வாசலில் நுழையும் தகுதி, இன்று நாள்தோறும் கால்களை நீட்டி மடக்கிப் பேணியவனுக்கே கிடைக்கும். ஆகவே இன்றைய உடலைப் பேணுவது, நாளைய நம்பிக்கையைக் கைவிடுவதாகாது. அதுவே அந்த நம்பிக்கையை உண்மையாக வைத்திருக்கும் ஒரே வழி. சற்று முன் சொன்ன உழவனை நினைத்துக்கொள்ளுங்கள்: மழையை அவன் உண்டாக்க முடியாது; நிலத்தை உழுது வைக்க முடியும்.

இனி நண்பருக்கு என் விடை இது. தோப்பை விற்காததால் நீங்கள் மகனைக் கைவிட்டவர் ஆகமாட்டீர்கள். நீங்கள் இல்லாத காலத்தில் அவனுக்குச் சோறு போடப் போவது அந்தத் தோப்புதான். அதனை விற்பதே ஒருவகையில் கைவிடுதல் ஆகும். மணமாக வேண்டிய அவன் தங்கைக்கும் அதில் பங்கு உண்டு. அப்படியானால் கைவிடுதல் என்பது எது? “கால் வரட்டும், பிறகு பார்ப்போம்” என்று சொல்லி, அவனுடைய படிப்பையும் தொழிலையும் திருமணத்தையும் நட்பையும் நிறுத்தி வைப்பதே கைவிடுதல். உயிருள்ள ஒருவனைத் தன் வாழ்வின் வாசலிலேயே காத்திருக்க வைப்பதைவிடப் பெரிய கைவிடுதல் இல்லை.

இதில் நமக்கும் பங்கு உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம், பொது இடங்களுக்கு அவர்கள் தடையின்றி வந்து செல்ல வழி செய்ய வேண்டும் என்கிறது. நம் பள்ளிவாசல்களிலும் திருமண மண்டபங்களிலும் எத்தனையில் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை இருக்கிறது? ஒளூச் செய்யும் இடத்தில் எத்தனை குழாய்கள் அமர்ந்திருப்பவன் கைக்கு எட்டுகின்றன? இவற்றுக்குப் பல லட்சங்கள் வேண்டாம். இரண்டு மூட்டைச் சிமெண்டும் ஒரு கொத்தனாரும் போதும். விபத்து நடந்த இடத்திலும் நமக்குக் கடமை உண்டு. விழுந்தவனைக் கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுவதால், அறுபடாமல் எஞ்சிய இழைகளும் அறுந்து போகலாம். முதுகும் கழுத்தும் வளையாமல் அசையாது கிடக்கச் செய்து, 108-க்குச் சொல்வதே அவனுக்கு நாம் செய்யும் முதல் வைத்தியம். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது. பணத்துக்கு அஞ்சித் தாமதிக்க வேண்டியதில்லை.

நண்பர் தோப்பை விற்கவில்லை. இரண்டு பருவத்து மகசூலைக் குத்தகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் வீட்டு வாசலில் சரிவுப் பாதை போட்டார். கழிவறையின் கதவை அகலப்படுத்தினார். நல்ல சக்கர நாற்காலி ஒன்று வாங்கினார். மகன் இப்பொழுது தெருமுனையில் உள்ள மோட்டார் உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறான்.

சென்ற வாரம் அந்தக் கடையில் அவனைப் பார்த்தேன். அந்தப் படம் இன்னும் அவன் கைப்பேசியில்தான் இருக்கிறது. தந்தை அருகில் நின்று, “இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாயா?” என்று மெல்லக் கேட்டார்.

“அது வரும்போது வரட்டும் அத்தா. நான் உடம்பைத் தயாராக வைத்திருக்கிறேன்” என்றான் அவன். பிறகு, வாடிக்கையாளர் ஒருவர் நீட்டிய சீட்டை வாங்கி, விலைப் பட்டியலைப் புரட்டத் தொடங்கினான்.